எண்பத்தெட்டாம் பக்கம்

மாவு பொங்க நாற்பது நிமிடம்.
குளிர்காலம் என்றால் ஐம்பத்தைந்து.
என் வாசிப்புக்கு வேறு கடிகாரம் கிடையாது.
குத்தாயிசியில், ரயில் நிலையத்துக்குப் பின்சந்தில்,
விடிகாலை மூன்று மணிக்கு
மாவு மூட்டைமேல் உட்கார்ந்து படிக்கிறேன்,
முப்பத்தொரு வருஷமாய்.

முதல் இருபது பக்கத்தைத் தாண்டிவிடுவேன்,
எழுதியவர் அங்கே இன்னும்
தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார்.
வானிலை வந்தாலும் தாவல்தான்.
மழை வருவதை எனக்கு ரியோனி ஆறு சொல்லும்.
யாராவது சாப்பிட உட்கார்ந்தால் மட்டும்
ஒரு சொல் விடமாட்டேன்.
சுடச்சுட ரொட்டியைப் பைக்குள் கட்டிக் கொடுத்தார்
ஒரு நாவலாசிரியர்.
வேர்த்து நமுத்துப் போகுமே, ஐயா!
அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"இவ்வளவு படித்து என்னத்தைக் கண்டாய், ஜும்பெர்?"
மைத்துனன் நுக்சார் பெருநாள்தோறும் கேட்பான்.
பொழுது போகிறது என்பேன்.
பொய்.
பொழுது அது பாட்டுக்குப் போகும்,
அதற்கு என் துணை வேண்டாம்.
உண்மையைச் சொல்லலாம் என்றால்
அது என்னவென்று எனக்கே தெரியாது.
கோப்பையை நிரப்பிக்கொண்டு
அவன் வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

நூலகத்தில் சியாலா
நான் திருப்பும் ஒவ்வொரு புத்தகத்தையும்
மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவாள்.
"இது நூலகமா, மாவு மில்லா?"
போன செவ்வாய்க்கிழமை
முதுகு கிழிந்த பச்சை அட்டைப் புத்தகம் ஒன்று எடுத்தேன்.
புதிது, படித்ததே இல்லை என்றேன்.
அவளும் ஏதும் சொல்லவில்லை.

முப்பத்து நான்காம் பக்கத்தில்
மூலையில் ஒரு வெள்ளைத் தடம்.
நாற்பத்தொன்றில் இன்னொன்று.
இந்த ஊரில் மாவுக் கையோடு நாவல் படிக்கிற
இரண்டாவது பைத்தியம் யார்?
ஒரு கணம் பொறாமைகூட வந்தது.
பிறகுதான் உறைத்தது.

படித்திருக்கிறேன்.
ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு சாவு
எதுவும் நினைவில் இல்லை.
என் வீட்டுக்குள்ளேயே விருந்தாளியாக நுழைந்து
செருப்பை எங்கே விடுவது என்று கேட்பதுபோல
அடுத்தடுத்த பக்கம் புரட்டினேன்.

எண்பத்தெட்டில் தடம் இல்லை, கட்டியே இருந்தது.
காய்ந்த மாவு, நகக்கண் அளவு தடிமன்,
கீழிருந்து ஆறாவது வரியின்மேல்.
வரியில் பெரிதாக ஒன்றுமில்லை.
ஒருத்தி சாவியைத் தேடுகிறாள்,
கோட்டுப் பையில் கை விடுகிறாள்.
இதற்கா இவ்வளவு நேரம் இங்கே நின்றேன்?

மின்சாரம் இல்லாத வருஷங்கள் அவை.
திடீரென்று போகும்,
வருவது அதன் இஷ்டம்.
அடுப்பில் இன்னும் விறகு வைக்கவில்லை.
வெளியே இருட்டில் வரிசை,
கம்பளிக்குள் இருமல்கள்.
"ரொட்டி உண்டா?" என்று ஒரு குரல்.
"இருங்கள்" என்றேன்.
எழுந்து மெழுகுவத்தி தேடியிருக்கலாம்.
தேடவில்லை.
வரி தொலைந்துவிடுமே என்று
அதன்மேல் கட்டைவிரலை வைத்து
அப்படியே உட்கார்ந்திருந்தேன்,
கோட்டுப் பைக்குள் அவள் கையும்
இருட்டில் என் விரலும்.

கதை போய்விட்டது. விரல் நின்ற இடம் இருக்கிறது.
நுக்சாரிடம் இதைச் சொன்னால்
"சரி, சாவி கிடைத்ததா?" என்பான்.
நியாயமான கேள்விதான்.

கட்டைவிரலை அந்தக் கட்டியின்மேல் வைத்துப் பார்த்தேன்.
அதில் அன்றைய ரேகைகள் தெளிவாக இருந்தன,
சுழி உட்பட.
என் விரலில்தான் இல்லை.
அடுப்புச் சுவர் தேய்த்துத் தேய்த்து
எப்போதோ வழுவழுப்பாக்கிவிட்டது.

எண்பத்தொன்பது சுத்தமாக இருந்தது.
அன்று வெளிச்சம் வந்ததா,
கை கழுவிவிட்டுப் படித்தேனா,
வரிசைக்கு ரொட்டி போட எழுந்தவன்
திரும்பவே இல்லையா?
பக்கத்தைப் புரட்டினேன்.
பின்னால் மாவு
தொட்டி விளிம்பு தாண்டி
தரையில் இறங்கிக்கொண்டிருந்தது.
இறங்கட்டும்.
அவள் இன்னும் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.