விசிலுக்குள் ஒரு தக்கை

முதல் ஊதலுக்கு ஒரு காது மட்டும் திரும்பியது.
இரண்டாவதற்கு அதுவும் இல்லை.
கெய்த்னஸ் சதுப்பில், ஹெதர் புதர்களுக்கு மேலே
நெட்டிலின் வால் துள்ளித் துள்ளிப் போனது,
முயலுக்கு இரண்டு முழம் பின்னால்.

சனிக்கிழமை துப்பாக்கிகளோடு ஒன்பது பேர் வருகிறார்கள்.
'போ, திரும்பிப் போ' என்று
காட்டுக்கோழி வேறு ஏசுகிறது.

மூன்றாவது ஊதலில் வெறும் காற்று.
விசிலுக்குள் தக்கை உருண்டை
எச்சிலோடு உறைந்துவிட்டது.

கெட்ட வார்த்தைகளும் தீர்ந்துபோய்
விசிலை அக்குளில் செருகிக்கொண்டு
ஈரக் கல்லில் உட்கார்ந்தாள் இஷ்பெல்.

கூப்பிட ஆளில்லாத வெட்டவெளியில்
நெட்டில் நின்றது.
ஒரு முன்னங்கால் தூக்கியபடி
திரும்பிப் பார்த்தது,
எட்டு மாதத்தில் முதல்முறை.

அவள் இமைக்கவில்லை.
அக்குள் சூட்டில்
தக்கை இளகிக்கொண்டிருக்கிறது.
நாளை விசில் ஊதும்.
அதுதான் பயம்.