பதினோராம் நிபந்தனை

ஆஸ்பத்திரி வீதியில்
தீபாவளிக்குப் பதினாறு நாள் இருக்க
கடை வாசலில் பலூன் வளைவு.
ஒலிபெருக்கி சொன்னது:
இனி உங்கள் கைகளுக்கு ஓய்வு.

நான் என் கைகளைப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருடம்
வார்ட்டில் விரிப்பு மாற்றியவை,
வீட்டில் நாலு பேரின் உடுப்புத் தோய்த்தவை.
ஒருவரும் அவற்றோடு இப்படிக் கதைத்ததில்லை.

பிரணவரூபன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெடியன்
அக்கா, அக்கா என்று
வட்டக் கதவைத் திறந்து திறந்து காட்டினான்.
பத்து வருட உத்தரவாதம்.
மாதம் ஏழாயிரத்து எண்ணூறு, பதினெட்டு மாதம்.
ஒரு வாளி இலவசம்.
என்ன தண்ணி என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு
கிணறு என்று தனியாக ஏன் சொல்ல வேண்டும்?

எட்டாம் மாதம், ஞாயிறு இரவு,
உரும்பிராயில் அது ஒருக்கால் விக்கி
நின்றுவிட்டது.
கதவு திறக்கவில்லை.
மகளின் வெள்ளைச் சீருடை
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நுரைக்குள் முகம் புதைத்துக் கிடந்தது.

கொழும்புக்கு எடுத்தேன்.
தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது.
அழுத்தினேன். பாட்டு.
பாட்டு முடிய
அதே பாட்டு.

பதினொரு நாளுக்குப் பிறகு வந்தவர்
உள்ளே ஒரு கம்பியைக் கழற்றி
நகத்தால் சுரண்டினார்.
"கல்சியம்," என்றார்,
ரத்தப் பரிசோதனை முடிவு சொல்வதுபோல்.
அட்டையைத் திருப்பினார்.
கடுகளவு எழுத்தில் பதினோராம் நிபந்தனை:
கடின நீரினால் ஏற்படும் பழுதுகளுக்கு
இவ்வுத்தரவாதம் செல்லுபடியாகாது.

"அப்ப இஞ்ச ஆருக்குச் செல்லும்?"
"தெரியாது அக்கா. திறந்து பாக்கிறதுதான் என்ர வேலை."
வந்துபோன கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு.

அந்த வெள்ளையை எனக்குத் தெரியும்.
கேத்திலின் அடியில் இருக்கிறது.
அண்ணரின் சிறுநீரகத்தில் இருந்தது.
கல்லின் மேல் வீடு கட்டி
கல்லைத் துளைத்துத் தண்ணீர் குடிக்கிற ஊருக்கு
கல்லை மட்டும் விலக்கி
ஒரு வாக்கை விற்றிருக்கிறார்கள்.

கேட்கப் போனேன்.
இப்போது நல்லூர்த் திருவிழாக் கழிவு, அதே பலூன்.
பிரணவரூபன் அங்கே இல்லை.
பஸ் நிலையத்தில் கண்டேன்.
வாய்க்குள் கட்டிவைத்திருந்ததை
அவிழ்க்க முதல் அவன் சொன்னான்:
"எங்கட வீட்டிலயும் அதுதான் அக்கா.
ஸ்டாஃப் விலையில எடுத்தனான்.
ஆறு மாசம்."
பிறகு அவனுடைய பஸ் வந்தது.

இன்னும் எட்டுத் தவணை.
பத்தாம் திகதி தவறாமல்
மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே என்று
கைபேசி கூப்பிடும்.

வாளி நல்ல வாளி.
அதற்கு ஒருவரும் உத்தரவாதம் தரவில்லை.
சீருடையை அதில்தான் ஊற வைக்கிறேன்.
பக்கத்தில் அச்சடித்திருக்கிறது
கைகளுக்கு ஓய்வு என்று.
எழுத்தின் மேல் வெள்ளை படியத் தொடங்கிவிட்டது.
நான் தேய்ப்பதில்லை.