பதினைந்து நாளுக்கொரு செவ்வாய்

எட்டு வீட்டுக்கு ஒரு மெஷின்.
கட்டடத்தின் அடியில், பதுங்கறைக்குப் பக்கத்தில்.
ஒரு குண்டும் விழாத ஊரில்
ஒரு முழம் தடித்த கதவு.
அந்தக் கதவைப் பற்றி எழுதவேண்டும் என்று
பதினோரு வருடமாக நினைக்கிறேன்.
இப்போது உள்ளே பனிச்சறுக்குச் சப்பாத்துகளும்
யாரோ கைவிட்ட தொட்டிலும்.

பதினைந்து நாளுக்கொரு செவ்வாய்
ஒன்றிலிருந்து ஆறு மணிவரை சாவி எனக்கு.
அட்டவணைக் கட்டத்துள் என் பெயரின் பாதிதான் அடங்கியது:
சிவகௌ.
அது போதும்.

பீல், கடிகாரம் செய்யும் ஊர்.
குகநேசன் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறார்.
ஊருக்கெல்லாம் நேரம் செய்கிறோம், வீட்டில் மட்டும் இல்லை என்ற பகிடியை
அவரே கலியாணவீடுகளில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்.
நான் முதியோர் இல்லச் சமையலறையில்
காலை ஐந்தரைக்குக் கரட் சீவுகிறேன்.
வரிகள் அங்கேதான் வருகின்றன,
கை ஈரமாயிருக்கும் நேரம் பார்த்து.
ரசீதின் பின்பக்கம், இருப்புப் பட்டியலின் ஓரம்
கிறுக்கி, ஏப்ரன் பைக்குள் செருகி
செவ்வாய்க்குக் காத்திருப்பேன்.

பருத்தி, அறுபது பாகை:
ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம்.
கண்ணாடிக்குப் பின்னால்
எங்கள் மூவரின் கைகளும் கால்களும் கட்டிப் புரள
இஸ்திரி மேசையில் நான்.
மெஷின் வேகமெடுத்தால் மேசையும் நடுங்கும்.
எந்த வரி பிழியும்போது எழுதியது என்று
கையெழுத்தே சொல்லிக் கொடுத்துவிடும்.

போன முறை
ஏப்ரனை அப்படியே உள்ளே போட்டுவிட்டேன்.
இரண்டு கிழமை வரிகள்.
கதவைத் திறந்தால்
ஆரபியின் கறுப்புக் காற்சட்டை முழுக்க
வெள்ளைத் துணுக்கு, பொடுகு மாதிரி.
அழவில்லை. கோபம் வந்தது, யாரில் என்று தெரியவில்லை.
ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்தேன்.
ஒரு துண்டில் மட்டும் எழுத்துத் தப்பியிருந்தது:
ஆனால்.
அதற்கு முன்னால் என்ன இருந்தது?
நல்லதாய்த்தான் இருந்திருக்கும்,
தொலைந்த வரிகள் எல்லாம் நல்ல வரிகள்தானே.
ஆரபி காற்சட்டையை உதறிக்கொண்டு கேட்டாள்:
"போனிலே எழுதினால் என்னம்மா?"
"போனையும் சேர்த்துத் தோய்ச்சிருப்பன்."

மறுநாள் மெஷினில் ஒரு குறிப்பு ஒட்டியிருந்தது.
மூன்றாம் மாடி பிறாவ் வூத்ரிக்.
வடிகட்டியில் காகிதக் கூழ். தயவுசெய்து துப்பரவாக்கவும். நன்றி.
வெட்ட ஒரு சொல் இல்லை.
பொறாமையாய் இருந்தது.
அதன் கீழே என் மன்னிப்பை ஜெர்மனில் எழுத
நாலு தாள் கிழித்தேன்.
அந்த மாதம் நான் எழுதி முடித்தது
அது ஒன்றுதான்.

இன்றைக்கு எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்தேன்.
ஒரு பஸ் டிக்கெட், சுருட்டிய சூயிங்கம்,
எள்ளிலும் சின்னதாய் ஒரு திருகாணி.
மூன்றையும் மேசையில் வைத்து
பட்டனை அழுத்தி
ஆனால் என்று தொடங்கினேன்.
ஏழாவது வரியில் மேலேயிருந்து சத்தம்:
"அம்மா, பருப்பு பொங்கி வழியுது!"
படிகளை இரண்டிரண்டாகத் தாவி
அடுப்பைத் துடைத்து, பருப்புக்குத் தண்ணி விட்டு,
தபால்காரரின் கருவியில் விரலால் கையெழுத்து வைத்து,
அரையிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழிப்பது எப்படி என்று
இரண்டு தரம் பிழையாகச் சொல்லிக் கொடுத்து
இறங்கி வர ஒரு மணித்தியாலம் கடந்துவிட்டது.

மெஷின் பிழிந்துகொண்டிருந்தது.
மேசை நடுங்கியது.
பேனை உருண்டு விழாமல்
டிக்கெட்டுக்கு அணைவாகக் கிடந்தது, மூடி போட்டபடி.
நான் மூடவில்லை.
மேல்படியில் பிறாவ் வூத்ரிக்கின் செருப்புச் சத்தம்
தேய்ந்துகொண்டு போனது.

தமிழில் ஒரு எழுத்தும் தெரியாத மனுசி
என் தாளைக்
கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறா.