இல்லை என்று வந்தது

தொண்ணூறு நாள் உப்புத் தண்ணீரில்
எட்டு எஃகுத் தகடுகள்.
நாலுக்கு ஆவாரம்பூச் சாறு,
நாலுக்கு ஒன்றுமில்லை.
காரைக்குடிச் சித்திரை
ஆய்வகச் சன்னலில் முகம் வைத்துப் பார்த்திருக்க
எடுத்தேன், கழுவினேன், உலர்த்தி நிறுத்தேன்.
சராசரி இழப்பு நாற்பத்தொரு மில்லிகிராம்.
அந்தப் பக்கமும் நாற்பத்தொன்று.
துருவுக்குப் பூ வாசம் தெரியாது போலும்.

"ரிசல்ட் வரலையா, உமையாள்?"
டாக்டர் ஞானசௌந்தரம் கேட்டார்,
தேவகோட்டை பஸ் வரலையா என்பதுபோல.
வந்தது மேடம்.
இல்லை என்று வந்தது.

கெட்டவர் இல்லை அவர். மார்ச்சோடு நிதி முடிகிறது.
மூன்றாம் தகட்டை மட்டும் விட்டுவிட்டால்
கோடு கொஞ்சம் தலைதூக்கும் என்றார்.
சொன்ன கையோடு
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்,
வெகுநேரம்.

இதழிலிருந்து பதினோரு நாளில் பதில்:
செய்முறையில் குறையில்லை,
வாசகர்க்கு ஆர்வமிராது.

அமிலப் புட்டிகளுக்குப் பின்னால் ஒரு நோட்டு கிடைத்தது.
சோ. அடைக்கப்பன், 1996.
அதே பூ. அதே உப்பு.
கறிவேப்பிலையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார், பாவம்.
கடைசிப் பக்கத்தில் பென்சிலால் "பலன் இல்லை."
அதன் கீழே
இரண்டு இட்லி, ஒரு காபி, பாக்கி மூன்று ரூபாய்.
கோபம் வந்தது.
யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை, முனீஸ்வரன் கோவில் தெருவில்
பித்தளைத் தராசு விலை கேட்கப் போனவள்
பழைய பேரேடு ஒன்றைப் பிரித்தேன்.
மோல்மீன். வயல் அடமானம். மூவாயிரத்துச் சொச்சம்.
வராக்கடன்.
வரவு எழுதிய அதே மை, அதே நிதானம்,
அந்தப் பக்கத்து உச்சியிலும்
ஒரு பிள்ளையார் சுழி.

"சட்டம் போட்டு மாட்டணும்னா
வசூலான பக்கம் தர்றேன்" என்றார் கடைக்காரர்,
"இது யாரும் எடுக்கமாட்டாங்க."
நானும் எடுக்கவில்லை. தராசும் வாங்கவில்லை.

திங்களன்று நெல்லையிலிருந்து ஜெசிந்தா என்றொருத்தி.
"அக்கா, ஆவாரம்பூ எத்தனை சதவீதம் போடணும்?"
புதுத் திட்டமாம், இரண்டு வருடமாம்,
தகடுகள் நாளை வருகின்றனவாம்.

எட்டு எடையையும் சொன்னேன்.
மூன்றாவதை இரண்டு முறை.
அடைக்கப்பனுடையதையும், இட்லியை மட்டும் விட்டு.
மறுமுனையில் பேனா ஓடும் சத்தம்
கொஞ்ச நேரம் கேட்டது,
பிறகு நின்றது.
"லைன்ல இருக்கியா?" என்றேன்.