ஒன்றுக்கு ஐம்பது

முதல் மாதிரி ஒரு சோப்புக்கட்டி.
விடுதிக் குளியலறையிலிருந்து எடுத்து
பிளேடால் மூலை சீவி
மேசைமேல் வைத்தேன்.
"தேயிலை எடைபோடும் கொட்டகை" என்றேன்.
நௌஷீன் மோந்து பார்த்தாள்.
"மல்லி வாசம்" என்றாள்.

இரண்டாவது களிமண்.
மலைக்கும் கட்டடத்துக்கும்
ஒரே வாளியில் பிசைந்ததால்
எது நிலம் எது சுவர் என்று
எனக்கே தெரியவில்லை.
காய்ந்தபோது விரிசல் விட்டது.
தூக்கிப் போடுமுன்
விரிசலை மட்டும் பென்சிலில் வரைந்துகொண்டேன்,
ஏனென்று கேட்டால் பதில் இல்லை.

மூன்றாவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
மைதாப் பசை. எலி.

நான்காவது மவுண்ட் போர்டு, இரண்டு இரவு.
கோத்தகிரியில் அக்டோபர் என்றால்
ஃபெவிகாலுக்கு விடுமுறை.
ஜன்னல் இடுக்கில் நுழைந்த மூடுபனி
தொட்டுத் தொட்டே
விடிவதற்குள் கூரையைப்
பூரி மாதிரி உப்பவைத்திருந்தது.
கடன் வாங்கிய ஹேர் டிரையரால்
ஒரு கட்டடத்துக்குத் தலை உலர்த்தினேன்.
உலர்ந்தபின் அழகாகவே இருந்தது.
நேரான சுவர், அளந்த கதவு.
எல்லோரும் படம் எடுத்தார்கள்.
டெபோரா மிஸ்
"ஆள் எங்கே?" என்று கேட்டுவிட்டு
அடுத்த மேசைக்குப் போனார்.

ஒன்றுக்கு ஐம்பதில் ஒரு பெண்
மூன்று சென்டிமீட்டர், கூட ஒரு மில்லிமீட்டர்.
வெட்டினேன்.
கதவுக்குள் தாராளமாய்ப் போய்வந்தாள்.

மறுநாள் மூன்று மணி எடைக்கு
நிஜக் கொட்டகைக்குப் போனேன்.
தகரம், தொங்கு தராசு, அட்டை கிழிந்த நோட்டு.
தலைமேல் சாக்கோடு சரிவிறங்கி வந்த யோகமலர் அக்கா
வாசலில் முட்டியை மடித்து
ஒரு சாண் தாழ்ந்து
உள்ளே போய் நிமிர்ந்தார்.
பின்னால் வந்தவரும் அப்படியே.
அவருக்குப் பின்னால் வந்தவரும்.
"எதுக்குக்கா குனியறீங்க?"
"யாரு குனிஞ்சா?" என்றார்.

அன்றிரவு அட்டைப் பெண்ணின் தலையில்
ஒரு சாக்கு வெட்டி ஒட்டினேன்.
நாலே முக்கால் சென்டிமீட்டர்.
கதவில் இடித்தாள்.
தள்ளிப் பார்த்தேன்.
கழுத்து மடங்கியது.
அட்டைக்கு முட்டி கிடையாது,
எதற்கும் பழகத் தெரியாது.

ஐந்தாவது, நாலாவதை அறுத்துச் செய்தது.
கதவை உயர்த்தினால் கூரை உயர்ந்தது,
கூரை உயர்ந்தால் சாரல் நுழைந்தது,
சாரல் பட்டால் இலை நனையும்,
நனைந்த இலைக்கு
ஈரமென்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
ஆக, கதவை உயர்த்தி
யோகமலர் அக்காவுக்கு
இரண்டு கிலோ நட்டம் செய்திருந்தேன்.
வடக்குச் சுவரில் என் கட்டைவிரல் ரத்தம் வேறு.

ஆறாவதில் கூரையை இழுத்து இறக்கினேன்.
மறுபடி இடித்தாள்.

அப்போதுதான் அந்தப் பென்சில் கோடு
நோட்டிலிருந்து நழுவி விழுந்தது.
விழுந்தது என்பது பொய், தேடித்தான் எடுத்தேன்.
மண்ணும் சுவரும் பிரிந்த இடம்.
ஏழாவதில் சுவரை அங்கே பிரித்தேன்.
ஒன்றையொன்று தாண்டி நிற்கும் இரண்டு சுவர்கள்,
நடுவில் நடக்க வழி.
மேலே தடுக்க நிலைச்சட்டமே இல்லை.
இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால்
தென்மேற்கிலிருந்து மழை பெய்தேன்.
தராசு இருக்குமிடம் நனையவில்லை.
எடை எழுதுகிறவர் உட்காருமிடம் நனைந்தது.

மதிப்பீட்டு நாளில்
கோவையிலிருந்து வந்தவர் சுற்றிப் பார்த்தார்.
"கதவை மறந்துட்டீங்களா?"
சொன்னேன். பாதிக்குமேல் கேட்டார்.
நூற்றுக்கு அறுபத்தொன்று.
சுவரில் மாட்ட
நாலாவதின் படத்தைத்தான் கேட்டார்கள்.

எட்டாவதுக்கு அட்டை வாங்க வேண்டும்,
அந்த நனைகிற நாற்காலிக்காக.
அட்டைப் பெண் பென்சில் பெட்டிக்குள்
நின்றபடி இருக்கிறாள்.
மூடி மூடவில்லை, சாக்கு இடிக்கிறது.
திறந்தே வைத்திருக்கிறேன்.