இரண்டு மில்லிமீட்டர்

செங்காங், பதினொன்றாம் மாடி.
இரவு பத்தே முக்கால்.
மடியில் இடது சப்பாத்து,
மல்லாந்த ஆமைபோல.
நாலாம் நம்பர் அறுகோணச் சாவி,
மூன்று திருகு.
மஞ்சள் கிளீட்டைச் சுற்றி
முன்பே வெள்ளிப் பேனாவால் கோடு போட்டாயிற்று,
தோற்றால் திரும்பிவர இடம் தெரிய வேண்டுமே.

சாங்கி கரையோரச் சாலையில்
முப்பதாவது கிலோமீட்டரில்
சுண்டுவிரல் முதலில் காணாமல் போகும்,
அப்புறம் பக்கத்து வீட்டு விரல்.
தலைக்கு மேல் விமானம்
சக்கரம் நீட்டி இறங்கும்.
என் கால் என்னிடம் இறங்காது.

பின்னால் வந்த ஷமீலா சொன்னாள்:
"குதிகால் உள்ளே வரப் பாக்குது.
நீதான் விடமாட்டேங்குற."

வலதைப் பார்த்து இடதையும்
நேராக முடுக்கியது நான்தான்.
ஜோடி என்றால் ஒரே மாதிரி என்று
யார் சொன்னார்கள் எனக்கு?
உயர்நிலை மூன்றில், வலைப்பந்தில்
மடங்கிய கணுக்கால்.
அன்றிலிருந்து நடக்கும்போதே
விரல்கள் கொஞ்சம் வெளியே வேடிக்கை பார்க்கும்.

திருகைத் தளர்த்துகிறேன்.
குதிகால் பக்கமாக இரண்டு மில்லிமீட்டர்.
மூக்கை உள்ளே ஒரு மயிரிழை.
கோட்டைத் தாண்டிவிட்டது.
முடுக்கினேன்.

விடியல். லோயாங் தாண்டி
முப்பத்தொன்று.
சுண்டுவிரல் இருக்கிறது.
முப்பத்தாறு.
மழை பிடித்துக்கொண்டது, காலுறை சொதசொதவென்று,
ஈரம்கூட ஒவ்வொரு விரலாகத் தெரிகிறது.
அரிக்கவும் செய்கிறது.

ஷமீலா கத்துகிறாள் பின்னாலிருந்து:
"இப்ப இருக்கை உயரம்!
ஒரு நூல் இறக்கணும்!"

இறக்கலாம்.
சாவி சட்டைப் பையில்தான் இருக்கிறது.
அடுத்த விளக்குக் கம்பம் வரட்டும்.
அதற்கடுத்தது.