சாம்பல்

குதிரைகளுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை.
நிறம்தான்: செம்பழுப்பு, சாம்பல், நெற்றிச்சுட்டி.
ஆறு நாள் சவாரிக்கு வந்தவள்
சாம்பலுக்கு ஏதோ பெயர் வைத்தாள்;
என் நாக்கில் அது உட்காரவில்லை.

அதன் இமையில் உறைந்த பனியை
உள்ளங்கை வைத்து உருக்கினாள்.
'சூ' என்றால் போகும் என்றேன்.
நிற்பதற்கு என்ன சொல்ல வேண்டும் என்றாள்.
எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

உப்புத் தேநீரை மூக்கைச் சுளித்துக் குடித்தாள்,
மறுபடியும் கிண்ணத்தை நீட்டினாள்.
சாண அடுப்பு அணைந்த பின்னிரவில்
காலுறையோடு வந்து
யான்ஜின்மாவின் தோல்போர்வைக்குள் புகுந்துகொண்டாள்.
என் மகள் திட்டிக்கொண்டே இடம் விட்டாள்.

போய்விட்டாள்.

குளிர்கால இறைச்சிக்கு இன்று ஒன்றைப் பிடிக்க வேண்டும்.
சுருக்குக்கோலோடு கிளம்பிய நாம்ஸ்ராயிடம்
சாம்பல் வேண்டாம் என்றேன்.
ஏன் என்றார்.
அந்தப் பெயரைச் சொல்லப் பார்த்தேன்,
பாதிதான் வந்தது.